புரட்டாதியில் தலங்கம குளம்

கொழும்பில் பறவை பார்க்க எந்த மாதம் நல்லது என்று யாரைக் கேட்டாலும் தை மாதம் என்றுதான் சொல்வார்கள். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும், மழை விட்டிருக்கும், வெளிச்சம் படம் எடுக்கத் தோதாக இருக்கும், நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடக்கும். எல்லாம் சரி. ஆனாலும் என் வாக்கு புரட்டாதிக்குத்தான். தையில் நாம் பார்ப்பது குடியமர்ந்துவிட்ட பறவையை. புரட்டாதியில் பார்ப்பது வந்து இறங்குகிற பறவையை. அந்தக் களைப்பையும் பசியையும் பாதி உதிர்ந்த இறகையும் தையில் எவ்வளவு விலை கொடுத்தாலும் பார்க்க முடியாது.

இந்த ஊரில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. செப்டம்பர் கடைசியில் தென்மேற்குக் காற்று தளரும். வைகாசியிலிருந்து வெள்ளவத்தைத் தண்டவாளக் கற்களை அறைந்துகொண்டிருந்த கடல் சற்று அடங்கும். பின்னேரங்களில் தூரத்தில் இடி கேட்கத் தொடங்கும். வெளியே தெரிகிற மாற்றம் அவ்வளவுதான். வடக்கே கோடை முடிந்துவிட்டது என்ற செய்தி இங்கே பறவைகளின் வழியாகத்தான் வருகிறது, அதுவும் நான்கு மாடிக்கு மேல் நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும்.

தலங்கம குளம் பத்தரமுல்லைக்கு அப்பால் இருக்கிறது. பஸ் மாறி ஏறி, பொரளை, இராஜகிரிய தாண்டிப் பத்தரமுல்லையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிப்பேன். போகும் வழியில், பாராளுமன்றத்தைச் சுற்றிக் கிடக்கும் தியவன்னா ஓயாவின் கரையில், வீதி விளக்குக் கம்பங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவையும் பஸ்ஸைப் பார்ப்பதில்லை.

குளம் பெரியதல்ல. நெல் வயலுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டியது. கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிகைநீர் வழியும் வான், கீழே வயல் என்று வன்னிக் குளத்தின் உறுப்புகள் எல்லாம் சிறிய அளவில் இங்கேயும் இருக்கின்றன. குளக்கட்டின் மேலேயே வீதி போகிறது. 2007இல் குளத்தையும் அதைச் சூழ்ந்த ஈரநிலத்தையும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சர் சமவாயத்தின் கீழ் உலகிலேயே முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றானது. இந்தப் பட்டங்கள் எல்லாம் இருக்கும்போதே, தூண்களின் மேல் போகும் நெடுஞ்சாலை ஒன்றை இந்த ஈரநிலத்துக்கு மேலாகக் கொண்டுபோகத் திட்டம் வந்தது. 2021இல் ஊரவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்து நின்றார்கள், வழக்கும் போட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கோபத்தோடு பறவை பார்க்க முடியாது.

காலை ஆறரைக்குள் குளக்கட்டில் நிற்பது என் வழக்கம். அந்த நேரத்தில் முதலில் காதில் விழுவது உள்ளூர்க்காரர்களின் சத்தம்தான். நீலத் தாழைக்கோழிகள் நாணலுக்குள் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் இறங்கும். ஆள்காட்டி தன் பெயருக்கேற்ற வேலையைச் செய்யும். நத்தைகுத்தி நாரை, செந்நாரை, மடையான், வக்கா, இலைக்கோழி எல்லாம் வருடம் முழுவதும் இங்கேயே இருப்பவை. புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் இவற்றைத் தாண்டி வலசைப் பறவையைத் தேட அவசரப்படுகிறார்கள். அது நடக்காது. எங்கள் அடுக்குமாடியின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டித் தம்பிக்கு எந்தக் கார் யாருடையது என்பது மனப்பாடம். அதனால்தான் வெளிக்கார் ஒன்று உள்ளே திரும்பினால் அவர் உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். குளத்திலும் அப்படித்தான். இருப்பவர்களைப் படித்து முடித்தால் வந்தவர் தானாகக் கண்ணில் படுவார்.

இந்தக் குளத்தில் எனக்கு வழக்கமாக முதலில் கண்ணில் படும் விருந்தாளி துருசுக்குப் பக்கத்துச் சீமெந்துத் திண்டில் நிற்கும் உள்ளான். ஆங்கிலத்தில் இதற்குச் ‘சாதாரண’ உள்ளான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஐம்பது கிராம் அளவில் இருக்கும், மேலே மண்ணிறம், கீழே வெள்ளை. யாரும் இதைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டமாட்டார்கள். ஆனால் பைனாகுலரை எடுத்துக் கொஞ்ச நேரம் இதன்மேல் வைத்துப் பாருங்கள். வயிற்றின் வெள்ளை, மடித்த இறக்கைக்கு முன்னால் தோள் பக்கமாக ஒரு கீற்றாக மேலேறும். அடையாளம் அதுதான். நிற்கும்போது உடம்பின் பின்பாதி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். தலை மட்டும் ஆடாது. சீமெந்து வெடிப்பில் எதையோ கண்டால் அந்த ஆட்டம் சட்டென்று நிற்கும், கழுத்து முன்னே நீளும், அலகு உள்ளே போகும், பூச்சி வெளியே வரும், உடனே ஆட்டம் மறுபடி தொடங்கும். நாய் நடத்திக்கொண்டு யாராவது வந்தால் மூன்று நான்கு மெல்லிய விசில்களோடு எழுந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், இறக்கையை வளைத்து விறைப்பாக வைத்தபடி படபடவென்று அடித்து, இடையில் வழுக்கி, மறுகரைக்குப் போகும். அப்படிப் பறப்பது இந்தக் குளத்தில் வேறு யாரும் இல்லை. நாய் போனதும் திண்டுக்குத் திரும்பி வந்துவிடும்.

போன வருடமும் இதே திண்டில்தான் ஓர் உள்ளான் நின்றது, அதற்கு முந்திய வருடமும். குளிர்காலத்தைக் கழிக்க ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிற பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு என்று காலில் வளையமிட்டுப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் உள்ளானின் காலில் வளையம் இல்லை. எனவே இது அதுவேதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். காஷ்மீரத்து ஆற்றங்கரை ஒன்றில் பிறந்ததாக இருக்கலாம், சைபீரியாவில் பிறந்ததாகவும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் இந்த இனம் குஞ்சு பொரிக்கிறது.

குளக்கட்டிலிருந்து வயல் பக்கமாக இறங்கினால் வேறு கதை. சிறுபோக அறுவடை முடிந்து, பெரும்போகத்துக்காகச் சில வயல்களை உழுது தண்ணீர் கட்டி வைத்திருப்பார்கள். புரட்டாதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் சேறுதான். பொறி உள்ளான்கள் அங்கே இறங்கியிருக்கும். முதுகெல்லாம் வெள்ளைப் பொறி, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், மஞ்சள் ஓடிய கால்.

இவற்றைப் பார்க்கும்போது இறகைக் கவனிக்க வேண்டும். சிலவற்றின் முதுகு தேய்ந்து, பொறிகள் அழிந்து, ஓரங்கள் பிய்ந்து கிடக்கும். அவை வளர்ந்த பறவைகள். இந்த வருடம் வடக்கே கூடு கட்டி, குஞ்சு வளர்த்து, அதே பழைய இறகோடு வந்தவை. வேறு சிலவற்றில் ஒவ்வோர் இறகும் புதிதாக, விளிம்பில் மங்கிய மஞ்சள் புள்ளி ஒழுங்காக வைத்தாற்போல் இருக்கும். அவை இந்த ஆனி, ஆடியில் பிறந்த குஞ்சுகள். பெரும்பாலான கரைப்பறவை இனங்களில் பெரியவர்கள் முதலில் புறப்பட்டுவிடுகிறார்கள். பொறி உள்ளானில் தாய், குஞ்சுகள் பறக்கப் பழகும் முன்னரே கிளம்பிவிடும். தகப்பன்தான் கடைசிவரை இருந்து பார்க்கும். பிறகு அதுவும் போய்விடும். குஞ்சுகள் சில வாரம் தின்று கொழுத்து, வழிகாட்ட யாரும் இல்லாமல், தாமாகவே தெற்கே திரும்புகின்றன. அறுபது கிராம் உடம்பு, சில மாத வயது, இதற்கு முன் ஒரு தடவையும் பார்க்காத நாடு. அந்தக் குஞ்சு ஒன்று பத்தரமுல்லைக்குப் பின்னாலுள்ள சேற்று வயலில் புழு பிடித்துத் தின்பதைப் பார்க்கும்போது, தையில் நூறு பேர் ஒரு நாரையைச் சுற்றிக் கமராவோடு நிற்பது எனக்கு நினைவுக்கு வரும். அந்த நூறு பேரில் பத்துப் பேராவது இந்த வயலுக்கு இறங்கி வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். பிறகு, வராமல் இருப்பதே நல்லது என்றும் நினைப்பேன்.

குளிருக்குப் பயந்து ஓடி வருகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிக் கதை. வடக்கில் கோடை நன்றாக இருக்கும்போதே, ஜூலையிலேயே, முதல் கரைப்பறவைகள் கிளம்பத் தொடங்கிவிடுகின்றன. வேலை முடிந்தது, இனி அங்கே இருந்து என்ன செய்வது என்ற கணக்கு. புறப்படும் முன் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. நீண்ட தூரம் நிற்காமல் பறக்கும் சில இனங்கள் தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொண்டு, பறக்கும்போது தேவைப்படாத குடலையும் இரைப்பையையும் சுருக்கியும்விடுகின்றன. வந்து இறங்கியதும் அவை வேறு நினைப்பு இல்லாமல் இரை தேடுவது ஏன் என்பது அப்போது புரியும். இந்த நாட்களில் சில பறவைகள் கிட்டப் போனாலும் எழுந்து போவதில்லை. அது நம்மேல் உள்ள நம்பிக்கை அல்ல, எழும்பத் தெம்பில்லை. படத்துக்காக இன்னும் நான்கு அடி கிட்டப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொன்னுப்புக்கொத்திகளும் இந்த வயலுக்கு வருவதுண்டு. சைபீரியாவின் தூந்திரப் பகுதியில் பிறப்பவை. இந்த இனத்தின் அலாஸ்காக்காரர்கள் ஹவாய்த் தீவுகளுக்குப் பசிபிக் கடலின் மேலாக நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் பறப்பவர்கள். நடுவில் இறங்க இடமில்லை, நீந்தவும் தெரியாது. நம்மிடம் வருகிறவை அவ்வளவு துணிச்சலைக் காட்டத் தேவையில்லை, ஆசியா முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது. கோடையில் முகம் முதல் வயிறு வரை கன்னங்கரேலென்று இருக்கும். தையில் பார்த்தால் அந்தக் கறுப்பின் சுவடே தெரியாது, மங்கல் மஞ்சள்தான். புரட்டாதியில் மட்டும் கறுப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கும். வடநாட்டு உடையைக் கழற்றி முடிக்கும் முன் அவற்றைப் பார்க்கக் கிடைக்கும் வாரங்கள் இவைதான்.

இலங்கை, வலசைப் பறவைகள் போய்வரும் மத்திய ஆசியப் பறக்கும் பாதையின் தென்கோடி. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே அந்தார்ட்டிக்கா வரை கடல்தான். எனவே இங்கே வருகிறவற்றில் பெரும்பாலானவைக்கு இதுதான் கடைசித் தரிப்பிடம். பல பறவைகள் இந்தியக் கரையோரமாக இறங்கி, மன்னார், யாழ்ப்பாணம் வழியாக உள்ளே வருகின்றன. மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் செய்மதிக் கருவி பூட்டிய கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை ரஷ்யாவின் வடக்கே யமால் தீபகற்பம் வரை போய்த் திரும்பியதைக் கணினியில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வலசை என்று பேச்செடுத்தவுடனேயே நம்மவர்கள் ரொறன்ரோவையும் இலண்டனையும் இழுத்து வந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒப்புமை பிடிக்காது. இந்த உள்ளானை எந்த விமான நிலையத்திலும் யாரும் ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. திரும்பிப் போவதா வேண்டாமா என்று அது இரவு முழுவதும் யோசிப்பதும் இல்லை. சித்திரை வந்தால் போய்விடும்.

ஏழரை மணிக்கு மேல் வெயில் ஏறியதும் மின்கம்பியைப் பார்க்க வேண்டும். நீலவால் பஞ்சுருட்டான்கள் ஆவணிக் கடைசியிலேயே வரத் தொடங்கியிருக்கும். பச்சை உடம்பு, கறுப்புக் கண்பட்டை, செங்காவித் தொண்டை, நீல வால், வாலின் நடுவிலிருந்து நீண்டு நிற்கும் இரண்டு ஊசி. ஆங்கிலப் பெயர் தேனீயோடு சேர்ந்தாலும் இந்தக் குளத்தில் இவற்றின் முக்கியச் சாப்பாடு தும்பிதான். ஒன்று கம்பியிலிருந்து வழுக்கி இறங்கி, தாமரைக்கு மேலே தும்பியைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, அதே இடத்துக்குத் திரும்பியது. தும்பி குறுக்காக அலகில். கம்பியில் இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி, மறுபடி இடப்பக்கம். அடிக்க அடிக்கத் தும்பியின் இறக்கை ஒன்று கழன்று வெயிலில் மினுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. பிறகு தலையைப் பின்னால் எறிந்து ஒரே விழுங்கு.

அந்தத் தும்பிகளிலும் பயணிகள் உண்டு. மஞ்சள் நிறமுள்ள ஓர் இனம் ஒவ்வோர் ஒக்டோபரிலும் மாலைதீவில் இலட்சக்கணக்கில் வந்து இறங்குகிறது. முட்டையிட அங்கே நன்னீர் மிகக் குறைவு, இருந்தும் வருகிறது. வடக்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து இந்தியாவிலிருந்து கிழக்கு ஆபிரிக்கா வரை கடல் தாண்டுகின்றன என்பது 2009இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. அதே பருவத்தில் அதே கடலைத் தாண்டும் அமூர் வல்லூறுகள் வழியில் இந்தத் தும்பிகளைத்தான் தின்கின்றனவாம். வடக்கிலிருந்து வந்த பஞ்சுருட்டான், தலங்கமத் தாமரைக்கு மேலே பிடித்த தும்பியும் எங்கிருந்தோ எங்கேயோ போகப் புறப்பட்டதாக இருக்கலாம். யார் யாருடைய பயணத்தை முடித்துவைத்தார்கள் என்பதை அந்தக் கம்பியிடம்தான் கேட்க வேண்டும்.

மீசை ஆலாக்களைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் தூண்டில் போட வரும் ஒரு பெரியவர். சிங்களத்தில்தான் பேசுவோம். என்னை மிஸ் என்பார், நான் அவரை மாமா என்பேன். ஆலா தண்ணீருக்குள் குதிக்காது, மேலே மிதந்துவந்து நுனி அலகால் கிள்ளி எடுத்துப் போகும். “அது எங்கே தாழ்ந்து பறக்கிறதோ அங்கே பொடி மீன் மேலே வந்திருக்கிறது மிஸ், பொடி மீனுக்குக் கீழே பெரிய மீன் இருக்கும்” என்று சொல்லித் தூண்டிலை அந்தப் பக்கம் எறிந்தார். இந்த மாதம் ஆலாக்களில் இரண்டு ஒரே மாதிரி இராது. ஒன்றுக்கு இன்னும் கறுப்புத் தொப்பியும் சாம்பல் வயிறும், இன்னொன்றுக்குத் தொப்பி பின்னந்தலைக்கு ஒதுங்கிப்போய் உடம்பு வெள்ளை. பெரியவரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “உடுப்பு மாற்றும்போது பார்க்கக் கூடாது” என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். மீன் கிடைத்ததாக நினைவில்லை.

தகைவிலான்களையும் பழுப்புக் கீச்சானையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தகைவிலான் வந்துவிட்டதென்பதை வெள்ளவத்தை மொட்டை மாடியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கீச்சான் வேலியில் உட்கார்ந்து நாள் முழுவதும் கரகரவென்று முறைப்பாடு சொல்லும். எங்கே கேட்டாலும் தப்பாது.

பாணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஞாயிறுகளில் குடும்பமாக வந்து பைபையாகப் பாணைத் தண்ணீரில் எறிகிறார்கள். வந்த பறவைகளில் ஒன்றுகூடப் பாண் தின்னாது. தின்பவை மீனும் காகமும். மிச்சம் ஊறிப் புளித்துக் கிடக்கிறது. பிள்ளைக்குப் பறவை காட்ட வேண்டுமானால் பாணை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

காகம் என்றதும் மாமி. புரட்டாதியில் சனிக்கிழமைதான் எனக்கு வசதி, அலுவலகம் இல்லை. மாமிக்கோ அது புரட்டாதிச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, வீட்டில் மரக்கறி சமைத்து, காகம் வந்து தின்ற பிறகுதான் வாயில் சோறு வைப்பார். சேற்றுக் காலோடு பதினொரு மணிக்கு நான் வந்து நிற்பேன்.

“ஊரிலுள்ள பறவையை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறாய். வீட்டுக் காகம் இன்னும் வரவில்லை, அதைக் கொஞ்சம் கூப்பிடு பிள்ளை.”

“பக்கத்து வீட்டிலும் இன்றைக்குப் படையல்தான் மாமி. அங்கே வயிறு நிறையத் தின்றிருக்கும்.”

“அங்கே கத்தரிக்காய். இங்கே வாழைக்காய்ப் பொரியல். வரும்.”

வந்தது. வாழைக்காயை எடுத்துக்கொண்டு போனது.

மாமி காகத்தைக் கூப்பிடும் பால்கனியை வைத்துத்தான் போன ஐப்பசியில் பிரச்சினை வந்தது. காலையில் செக்யூரிட்டித் தம்பி கதவைத் தட்டினார். “அக்கா, மொட்டை மாடிப் படியில் ஒரு கிளி விழுந்து கிடக்கிறது. காகம் சுற்றி நிற்கிறது.” கிளி அல்ல, ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வால் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வால் இல்லை. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசியில் இங்கே வரும். இரவில் பறக்கும். இரவில் பறக்கும் பறவைகளை வெளிச்சம் இழுத்துத் திசை தடுமாற வைக்கும். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விடியும்வரை எரியும் மின்விளக்கு ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே கண்ணாடிக் கதவு. வேறு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் கொழும்பு வீடுகளில் ஆறுமணிக்குருவி விழுந்து கிடப்பதும், காகம் கொத்திக் கொல்வதும் நடக்கிறது.

நான் அதைப் பால்கனியில் காற்றுப்பட வைக்கலாமா என்று யோசிக்க, மாமிதான் தடுத்தார். “நான் தினமும் காகத்தைக் கூப்பிடுகிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பாயா? சாமி அறையில் வை. இருட்டாக இருக்கும்.” அதுதான் சரியான முறையும்கூட. காற்றுத் துளை போட்ட கடதாசிப் பெட்டி, கீழே ஒரு துணி, இருட்டு, அமைதி. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பாண், பால் எதுவும் வேண்டாம். திறந்து திறந்து பார்க்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. இறக்கை தொங்கினால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வளர்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. இறக்கை நன்றாக இருந்தால் காகம் அடையப் போன பிறகு மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். பின்னேரம் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டது. ஆட்டோவில் நுகேகொடை போய், தங்கையின் வீட்டுத் தோட்டத்தில் பலா மரத்தின் கீழ் பெட்டியைச் சரித்தேன். வெளியே குதித்து, என்னைப் பொருட்படுத்தாமல், சருகைப் புரட்டிப் புழு தேடத் தொடங்கியது.

மறுநாளே அடுக்குமாடி நிர்வாகக் குழுச் செயலாளரிடம் விளக்கைப் பற்றிச் சொன்னேன். பாதுகாப்புக்காகப் போட்டது, அணைக்க முடியாது என்றார். பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று செக்யூரிட்டித் தம்பியைக் கேட்டேன். அந்த விளக்கால் தனக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை, மேலே யாரும் போவதில்லை என்றார். விளக்கை முழுவதும் அணைக்கச் சொல்லவில்லை, ஆள் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி உணரி பொருத்தலாம், இல்லாவிட்டால் ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இரவு பத்து மணிக்குப் பிறகு நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் மாடிக்காரர் மின்கட்டணம் குறையும் என்ற ஒரே காரணத்துக்காக என் பக்கம் சேர்ந்திருக்கிறார். காரணம் எதுவானாலும் வாக்கு வாக்குத்தான். இந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் லிஃப்ட் முதலாவது, தண்ணீர்த் தொட்டி இரண்டாவது, விளக்கு மூன்றாவது. லிஃப்ட் விவகாரத்தைச் சீக்கிரம் முடிக்கும்படி ஐந்தாம் மாடிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.